பெட்டியைத் திருப்பி அனுப்பாதே

என் கண்ணு பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் நீ கட்டிக்கொள்ளப் போகிறவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லாததால் நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது. இங்கே அப்பாவும் நானும் உன் தங்கையும் நலம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் பொய்யில் ஆரம்பிக்க வேண்டாம். உடம்பு மூன்று பேருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து நன்றாக இல்லை. எழுத்தைப் பார்த்ததுமே இது நம் பூனையின் கை என்று கண்டுபிடித்திருப்பாய். நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். பூக்காம்பில் கம்பி சுற்றிச் சுற்றி என் விரல் நுனி எல்லாம் பிளாஸ்திரி, பேனா நிற்கவில்லை, அது ஒரு காரணம். இதை அவள் தன் கையாலேயே எழுதட்டும் என்று நான் கொடுத்திருக்கும் தண்டனை இன்னொரு காரணம். இப்போது மணி ஒன்று. பார்சல் வாங்குகிற கவுண்டர் நாலு மணிக்கு மூடிவிடும். பெட்டி உன் ஊருக்கு வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்கிறார்கள், உன் கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. அப்பா கீழே வேனில் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஹாரன் அடிக்கிறார். அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள், கோர்வையாகச் சொல்ல எனக்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை.

நேற்று என்ன நடந்தது என்றால், உன் கல்யாணத்துக்குக் காயவைத்த பூ எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி முடித்து, மேலே ஒட்டுவதற்கு உன் விலாசத்தை எழுதித் தா என்று பூனையைக் கேட்டேன். அவள் கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இவள் நிற்பது புதிது இல்லையே, வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்று பயந்து ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கே போகாமல் நின்றவள், நம் பூக்கடைக்கு போன் வந்தால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மூச்சுகூட விடமாட்டாள், வாடிக்கைக்காரர்கள் லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடுவார்கள். அதனால் நான் என் பாட்டுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது. என்னடி என்றதும் போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள். நீ ஆறு வாரத்துக்கு முன்னால் அவளுக்கு அனுப்பிய செய்தி. “அம்மாகிட்ட சொல்லிடு, பூ எதுவும் வேண்டாம். இங்கயே கடையில வாங்கிக்கிறோம். அவங்க கை பட்டது எதுவும் என் கல்யாணத்துல இருக்கக் கூடாது.” இதை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கண்ணாடி இல்லாமல் படித்ததால் தப்பாகப் படித்திருப்பேன் என்று கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். எழுத்து பெரிதாகத் தெரிந்ததைத் தவிர வேறு மாற்றம் இல்லை.

ஆறு வாரமாக இவள் இதை வயிற்றில் கட்டிக்கொண்டு என் எதிரிலேயே உட்கார்ந்து காம்பு உருவிக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன்டி சொல்லல, ஏன்டி சொல்லல என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை போய்விட்டது. கடைசியில், “அன்னைக்கு நீ கோழிக்கொண்டைப் பூவைத் தூக்கிப் பிடிச்சு, இந்தச் செவப்பை மேசை நடுவுல வச்சா அவ எப்படிச் சிரிப்பான்னு கேட்டே, அப்புறம் எப்படிம்மா சொல்றது, அக்கா மனசு மாறிடும், அதுக்குள்ள பூவாவது காய்ஞ்சிருக்கட்டும்னு நெனச்சேன்” என்றாள். உனக்கு அவள் தினமும் “பேசுக்கா” என்று ஒரு வார்த்தை அனுப்பிக்கொண்டே இருந்தாளாம், நீ பதில் போடவில்லையாம். அவளை நீ திட்டாதே. திட்ட வேண்டியதை எல்லாம் நான் திட்டிவிட்டேன், மிச்சம் ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதாமல் தாண்டிப் போகலாம் என்றுதான் பார்த்தேன், முடியாது. நீ அவருடைய அக்கா வீட்டிலிருந்து போன் போட்டிருந்தாய். அந்த அம்மாவும் அவர் பிள்ளைகளும் இன்னும் யார் யாரோ பெரியவர்களும் பின்னால் தெரிந்தார்கள். நான் மாடி அறையில் ஸ்டூல் மேல் ஏறிக் கயிற்றிலிருந்து கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன், பூனை போனை எனக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீ போனை அவர் பக்கம் திருப்பினாய். அவர் மரியாதையாகத் தலையைக் குனிந்து வணக்கம் சொன்னார், மேலே இருந்த விளக்கு வெளிச்சம் நேராக அவர் உச்சந்தலையில் விழுந்தது. அந்த வழுக்கையைப் பார்த்ததும் என் வாயிலிருந்து, “நல்லா காய்ஞ்சாச்சு, இனி உதிர ஒண்ணுமில்ல” என்று வந்துவிட்டது. இந்த வீட்டில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வார்த்தை அது. காய்ந்த கட்டைக் கறுப்புத் துணிக்கு மேலே தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டி, ஓர் இதழும் விழவில்லை என்றால் அப்படிச் சத்தமாகச் சொல்லித்தான் பெட்டிக்கு அனுப்புவோம், நீயே பத்து வயசில் ஸ்டூல் மேல் நின்று கத்தியிருக்கிறாய். அங்கே முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு பெரியவர்கள் சிரித்தார்கள், அவரும் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிட்டது. அதற்குப் பிறகு நீ என் போனை எடுக்கவில்லை.

அப்பா மேலே ஏறி வந்து என்ன சொன்னே என்று கேட்டார். சொன்னேன். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, “ஏன்டி, பூவுக்குச் சொல்றதுக்கும் ஆளுக்குச் சொல்றதுக்கும் ஒரு வித்தியாசம் வேணாமா? நல்லவேளை, ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லாம விட்டே” என்றார். அவரும் அன்றிலிருந்து உன்னைக் கூப்பிட்டுப் பார்க்கிறார். வண்டி ஓட்டுகிற மனுஷன், வழியில் நிறுத்தி நிறுத்திக் கூப்பிடுகிறார் என்று நம்மிடம் பூ வாங்குகிற மண்டபத்துக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இந்த இடத்தில் நான், எங்கள் தொழிலில் அதுதான் பெரிய பாராட்டு, அவரைப் பாராட்டத்தான் சொன்னேன், நீதான் தப்பாக எடுத்துக்கொண்டாய் என்று எழுதச் சொன்னேன். பூனை பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டாள். “இதை நான் எழுத மாட்டேம்மா. நீ அன்னைக்குக் காலையிலேர்ந்து அவரைக் கிழவர் கிழவர்னே சொல்லிட்டிருந்தே” என்றாள். எப்போதாவதுதான் கேட்கிற குரல், ஆனால் தெளிவாகக் கேட்டது. எனக்குக் கோபம் வந்தது, யார் யாருக்குக் கடிதம் எழுதுகிறார்கள் என்றேன். அவள் பேனாவைத் தொடவில்லை. கீழே ஹாரன் அடித்தது. அதனால் உள்ளதைச் சொல்கிறேன், அவள் எழுதட்டும்.

அது பாராட்டு இல்லை. வாய் தவறியதும் இல்லை. வார்த்தை பழக்கத்தில் வந்தது, குத்த வேண்டும் என்ற எண்ணம் என்னுடையது. உன்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர், ஒரு தடவை கல்யாணமாகி மனைவியைப் பறிகொடுத்தவர், இதற்காகத்தான் எனக்குப் பிடிக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன், அப்பாவிடம் சொன்னேன், எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுகூட முழு உண்மை இல்லை. அவர் குடிக்கிறவர், கை ஓங்குகிறவர் என்றால் நான் சண்டை போட்டு உன்னைத் திரும்ப அழைத்துக்கொண்டு வந்திருப்பேன். நீ போன் பேசும்போதெல்லாம் பின்னால் அவர் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும். உனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் இருந்தார் என்று நீ சொன்னாய். அப்படிப்பட்டவரை விட்டுவிட்டு நீ எதற்காக இங்கே வரப் போகிறாய்? இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்றுதான் போனாய். கடையில் உன் ஏப்ரனை ஆணியிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. அவர் நல்லவராக இருப்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இதை ஒரு தாய் பிள்ளைக்கு எழுதக் கூடாது, ஆனால் எழுதாவிட்டால் நீ என்னை இதைவிடக் கெட்டவளாக நினைத்துக்கொண்டிருப்பாய்.

உன் நாட்டுக்கு வர எங்களுக்கு விசா கிடைக்காமல் போனதும் இனி பூ ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. நான் வரமுடியாத கல்யாணத்துக்கு என் கையாவது வரட்டும் என்று நினைத்தேன். அந்தக் கைதான் வேண்டாம் என்று நீ எழுதியிருக்கிறாய், அது தெரியாமல் நான் ஆறு வாரம் பட்ட பாட்டைக் கேள். முதலில் வெட்டி வந்த ரோஜாவை மாட்டிய வாரம் முழுக்க மழை, அறைக்குள் துணி காயவில்லை, பூ எங்கே காயும், கட்டுக்கு நடுவில் சாம்பல் மாதிரி பூசணம் பிடித்துவிட்டது. காற்று வரட்டும் என்று பதறிப்போய்க் கறுப்புத் திரையை விலக்கி ஜன்னலைத் திறந்தேன், மூன்றாம் நாள் வெயில் அடித்தது, ஜன்னலோர வரிசை மொத்தமும் நிறம் போய்த் தேநீர்க் கறை மாதிரி ஆகிவிட்டது. இருபது வருஷமாக மற்றவர்களுக்கு இருட்டில் காய வை, இருட்டில் காய வை என்று பாடம் எடுக்கிறவள் செய்த வேலை. இரண்டாம் தடவை, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீ கேட்ட மாதிரி பெரிய பூவாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு நன்றாக விரிந்ததாக வெட்டிவிட்டேன். காயும்போது இன்னும் விரியும் என்று எனக்குத் தெரியாதா? துணி மேல் தட்டினேன், காம்பு கையில் நின்றது, பூ முழுக்கத் துணியில் கிடந்தது. பூனை அதைக் கூட்டி அள்ளும்போது அழுதாள், பூவுக்காக அழுகிறாள் என்று நினைத்து, போடி, தோட்டத்தில் பூவா இல்லை என்று நான்தான் அவளைத் தேற்றினேன்.

மூன்றாவது தடவை தோட்டக்காரரோடு நானே போனேன். பனி ஈரம் காய்ந்த பிறகு, வெளி இதழ் இரண்டு மட்டும் தளர்ந்த மொட்டாகப் பார்த்து ஒவ்வொன்றாக வெட்டினேன். இலையை உருவி, ஐந்தைந்தாக ரப்பர் பேண்டு போட்டு மாட்டினேன், நூல் கட்டினால் காம்பு சுருங்கும்போது நழுவிவிடும் என்று உனக்கே தெரியும். அடர்சிவப்பு வேண்டாம் என்று விட்டுவிட்டேன், காய்ந்தால் கறுப்பாகிவிடும், கல்யாணத்தில் நன்றாக இருக்காது. நீ வெள்ளை கேட்டிருந்தாய், வெள்ளை ரோஜா காய்ந்தால் பழைய காகிதம் மாதிரி ஆகும், அதனால் வெள்ளைக்குப் பொடிப்பொடியான ஜிப்சிப் பூ வைத்தேன், ரோஜாவில் இளஞ்சிவப்பு மட்டும். ஊடே வாடாமல்லி. கோதுமைக் கதிரும் தாமரைக் காயும் வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். விதை இருந்தால் உன் நாட்டில் பெட்டியோடு எரித்துவிடுவார்கள் என்று பார்சல் கவுண்டரில் இருக்கும் பெண் சொன்னாள். மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன், “அம்மா, நான் என்ன பொய்யா சொல்றேன்” என்று அவளுக்கே சலித்துவிட்டது.

இப்போது நான் கேட்பதைக் கேள். நீ அங்கே கடையில் பூச்செண்டு சொல்லியிருந்தால் அதையே வைத்துக்கொள், இதைக் கையில் பிடிக்க வேண்டாம். மேசைகளில் வை. மேசைக்கும் சொல்லிவிட்டாய் என்றால் வாசலில் பெயர் எழுதுகிற இடத்தில் வை, யார் செய்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். பச்சைப் பூவோடு மட்டும் சேர்த்துக் கட்டாதே, அதன் ஈரம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இது துவண்டுவிடும். வாசலிலும் இடம் இல்லை என்றால் கை கழுவுகிற இடத்தில் கண்ணாடிக்குப் பக்கத்திலாவது வை என்று சொல்ல வந்தேன், அங்கே தண்ணீர் தெறிக்கும், அங்கே வேண்டாம். கோட்டு மாட்டுகிற அறையில் வை. அங்கே இருட்டாக இருக்கும், நல்லதுதான். எங்கே வைத்தாலும் ஹீட்டருக்கு நேராக வைக்காதே, மெழுகுவத்தியிலிருந்து ஒரு கை தூரம் இருக்கட்டும், காய்ந்தது என்பதால் தீப்பிடித்தால் நிற்காது. பெட்டியில் நசுங்கியிருந்தால் கெட்டில் ஆவியில் நாலு நொடி காட்டி விரலால் மெதுவாக நிமிர்த்து, அதற்கு மேல் காட்டாதே. ஒருவேளை கையில் பிடிக்கலாம் என்று உனக்குத் தோன்றினால், தோன்றும் என்று நான் சொல்லவில்லை, எல்லோரும் வரிசையாக வந்து கட்டிப்பிடிக்கும்போது மட்டும் மேசையில் வைத்துவிடு, நடுவில் மாட்டினால் தூளாகிவிடும். இதில் எதுவுமே செய்யப் பிடிக்கவில்லை என்றால் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டுக்கொள். திருப்பி மட்டும் அனுப்பாதே. ‘வாங்க மறுத்துவிட்டார்’ என்று முத்திரை குத்தி இந்தப் பெட்டி என் வாசலுக்கு வந்தால், கண்ணு, நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியவில்லை. தபால் வண்டி சத்தம் கேட்டால் பின்பக்கம் போய் ஒளிந்துகொள்கிறவளாக ஆகிவிடுவேன்.

பெட்டிக்குள் பத்துப் பொட்டலம். ஒவ்வொன்றிலும் ஈரம் உறிஞ்சுகிற பொட்டலம் ஒன்று போட்டிருக்கிறேன், வெளியே சீட்டு ஒட்டியிருக்கிறோம், கைச்செண்டு, தோழிக்கு, மேசை ஒன்று முதல் ஏழு வரை என்று. பத்தாவது சின்னது, சட்டையில் குத்துகிற பூ. அதை மட்டும் ஐந்து தடவை பிரித்துக் கட்டினேன். ஒரு ரோஜா மொட்டு, இரண்டு வாடாமல்லி, பின்பக்கம் ஊசி சட்டையைக் கிழிக்காமல் இருக்கத் துணி வைத்துத் தைத்திருக்கிறேன். அதற்குச் சீட்டு ஒட்டாமலே இருந்தது. சற்று முன்னால் பூனை, “இதுக்கு என்னம்மா எழுத?” என்றாள். அவர் பெயரை எழுது என்றேன். எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில்லாத பிள்ளை என்று இவளை நினைப்பவர்கள் இந்தப் பார்வையை வாங்கிப் பார்க்க வேண்டும். ‘மாப்பிள்ளைக்கு’ என்று எழுது என்றேன். காதில் விழவில்லை என்றாள். விழுந்தது, எனக்குத் தெரியும். மறுபடியும் சொன்னேன், சத்தமாக, கீழே வேன் வரைக்கும் கேட்டிருக்கும், ஏனென்றால் ஹாரன் நின்றுவிட்டது. மாப்பிள்ளையிடம் நீ இதைக் கொடுக்க வேண்டும் என்றில்லை. பொட்டலத்தைச் சீட்டோடு அவர் கண்ணில் படுகிற இடத்தில் வை, அது போதும். அவர் குத்திக்கொள்ளாவிட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன். இதுவரைக்கும் சொன்னதே இரண்டு ஆயுளுக்குக் காணும்.

நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலிக்காமல் நெடுங்காலம் இருக்க வேண்டும். உன் வீட்டில் எதற்கும் குறைவு வராமல், உன் வயிறும் மனசும் நிறைந்து இருக்க வேண்டும். நான் அங்கே நின்று உன் தலையில் கை வைத்துச் சொல்ல வேண்டியதை இங்கே மாடி அறையில் நின்று சொல்கிறேன், எழுதுகிறவள் தலையில்தான் கை இருக்கிறது, உனக்கென்று எடுத்துக்கொள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. கல்யாணத்தன்று காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டு நில், வெறும் வயிற்றில் நின்றால் உனக்குத் தலை சுற்றும், அதை மாப்பிள்ளையிடம் சொல்லிவை. பெட்டி வந்தால் பூனைக்கு ‘வந்தது’ என்று ஒரு வார்த்தை அனுப்பு. எனக்கு அனுப்ப வேண்டாம். அம்மாவிடம் சொல்லாதே என்று சேர்த்து எழுதினாலும் சரிதான், இந்தத் தடவை அவள் சொல்லிவிடுவாள்.

பதிலுக்கு இல்லாவிட்டாலும் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா